திருமுதுகுன்றத்து மாதக்கடைசி உணவியல்

மூலம் அழிந்து உரை மட்டும் தங்கிய நூல்கள் தமிழில் உண்டு. மூலம் எழுதப்படவே இல்லை, உரைக்கோ அவசரம் என்ற நிலையில் இருப்பது எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: மாதம் 20-ஆம் தேதிக்கு மேல், நாலு பேர் உள்ள வீட்டில், டப்பாக்களின் அடியில் மிச்சமிருப்பதை வைத்து என்ன சமைப்பது என்று சொல்லும் நூல். இக்கலையில் கைதேர்ந்தவர்களுக்கு எழுத நேரமில்லை. எழுத நேரமுள்ளவர்கள் சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போகிறவர்கள். பின்னவர்களுள் ஒருவன் என்ற முழுத் தகுதியோடு இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

ஆராய்ச்சிக் களம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். பழைய பெயர் திருமுதுகுன்றம், ரயில்காரர்களுக்கு ஜங்ஷன், மற்றவர்களுக்குப் பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் டிப்ளமோ சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, பியூஸ் கட்டை எல்லாம் இங்கே சூளையில் வெந்து வெளியே வருகின்றன. பியூஸ் போனால் கம்பி சுற்றிச் சொருகுவோமே, அந்த வெள்ளைக் கட்டைக்கு எம்.சி.பி. சுவிட்ச் வந்த வீடுகளில் வேலை இல்லை. கட்டைக்கு வேலை இல்லாத வாரம் பட்டறையில் கூலி குறையும். கூலி குறைந்த வாரத்திலும் வயிறு ஏழு நாளும் ஆஜராகும். நம் இயல் பிறக்கும் இடம் இந்த இடைவெளி.

பீங்கான் செய்கிற ஊர் எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிடுகிறது என்பதை இங்கேயே குறித்துவிடலாம். கீழே விழுந்தால் நெளியும் பாத்திரத்துக்கும் உடையும் பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதைச் செய்கிறவர்களைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் உப்பும் புளிப்பும் அரிக்காத கிளேஸ் பூசிய ஊறுகாய் ஜாடி ஒன்று பல வீட்டு மூலைகளில் உண்டு. மாதக்கடைசியில் அந்த ஜாடிதான் காய்கறிக்கடை.

உள்ளூர் ஆதாரங்களை முதலில் பார்ப்போம். சிக்கன உணவு பற்றி இவ்வூரில் மூன்று பழஞ்செய்திகள் வழங்குகின்றன. மூன்றும் பழமலைநாதர் கோயிலைச் சேர்ந்தவை.

ஒன்று, கூலி. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது தொழிலாளர்களுக்குத் தலமரமான வன்னியின் இலைகளைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்கேற்ப அவை பொன்னாக மாறின என்றும் தலபுராணம் சொல்லும். பட்டறை நடத்துகிறவர்கள் இக்கதையின் முதல் பாதியை நன்கு அறிவார்கள். உணவியல் நோக்கில் இதன் பொருள் வேறு: கீரையை வரவுக் கணக்கில் எழுதிய முதல் ஊர் இது. இன்றைக்கும் மழை பெய்த பத்தாம் நாள் வேலியோரம் போனால் குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, முடக்கத்தான் என்று கைக்கு வந்ததையெல்லாம் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்து, கலந்து கடைந்துவிடுகிறார்கள். பொன்னாக மாறுவதில்லை. ராத்திரிச் சோற்றுக்கு ஆகிறது.

இரண்டு, சோறு. குகை நமசிவாயரின் சீடரான குரு நமசிவாயர் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இங்கே பசியோடு தங்கினார். அம்பாளைப் பார்த்துச் சோறு கொண்டுவரும்படி ஒரு வெண்பா பாடினார். பாட்டில் கிழத்தி என்று சொல்லிவிட்டார். அம்மன் கிழவியாகவே வந்து, கிழவியால் எப்படிச் சோறு சுமக்க முடியும் என்று கேட்டாளாம். புலவர் உடனே இளமையைப் பாட, பாலாம்பிகையாய் வந்து சோறு போட்டாள் என்பது வரலாறு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு வெண்பா. இதைவிட மலிவான சமையல் இவ்வட்டாரத்தில் பதிவாகவில்லை. மாதக்கடைசியில் சோறு கேட்கிறவர் சமைக்கிறவரின் வயதைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதியும் இங்கிருந்தே கிடைக்கிறது. சில வீடுகளில் இன்னும் இது பின்பற்றப்படுவதில்லை. விளைவையும் அவர்கள் அனுபவிக்கிறார்கள்.

மூன்று, நிதி. சுந்தரர் இங்கே பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார், மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் ஏளனமாகச் சொல்வது வங்கிகள் இல்லாத காலத்து மணியார்டர். மாற்றுக் குறையாமல் வந்து சேர்ந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சம்பளக் கவரைக் கொடுக்கும்போது அதிலிருந்து ஒரு தாளை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் குடும்பத் தலைவர்கள் இந்த மரபைச் சேர்ந்தவர்கள். ஆனால் சுந்தரர் கணக்குக் காட்டினார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி.

அளப்போம். மாதிரிக் குடும்பத்தில் ஆயா, கணவன், மனைவி, நான்காம் வகுப்புப் பையன் என்று நாலு பேர். ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி வாங்குகிறார்கள். 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியமாகவும் ஒரு படி நிச்சயமாகவும் இருந்த அரிசி, 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு இறங்கி, 2011 ஜூனிலிருந்து விலையில்லாததாயிற்று. பூஜ்யத்துக்குக் கீழே விலையைக் குறைக்க முடியாதாகையால், அதே ஆண்டில் மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாக வந்தன. அரிசி முன்னே, அரைக்கும் கருவி பின்னே, வரிசை பிசகவில்லை.

இருபது கிலோவை முப்பது நாளுக்கும் நாலு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 166 கிராம். வெந்தால் மூன்று மடங்கை நெருங்கும், மோசமில்லை. சிக்கல் பருப்பில்தான். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய். ஒரு லிட்டர் பாமாயில், 25 ரூபாய். வகுத்துப் பார்த்தால் பருப்பு வீட்டுக்கே ஒரு நாளைக்கு 33 கிராம், ஆளுக்கு எட்டு கிராம். எண்ணெய் வீட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி. பருப்பு, முட்டை, மாமிசம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தட்டுப் படம் வரைந்து காட்டியிருக்கிறது. எட்டுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவிலுள்ள 77 கிராமை நிரப்பும் பொறுப்பு நடைமுறையில் புளியிடம் விடப்பட்டுள்ளது. புளியில் சொல்லும்படியான புரதம் இல்லை என்பாரும் உளர். அவர்கள் சொல்வது சரி. ஆனால் நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டு, பூண்டு தட்டிப்போட்டு, சுண்டக் கொதித்த புளிக்குழம்பு நாக்கில் பட்டபின் பருப்பைப் பற்றி விசாரிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை.

அரிசியைப் பற்றி ஒரு கிளைச்செய்தி. அண்மை ஆண்டுகளில் ரேஷனில் வந்தது செறிவூட்டிய அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் மாவோடு பிசைந்து அரிசி வடிவில் அச்செடுத்த மணிகளை, நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து அனுப்பினார்கள். அவை மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் வழவழப்பாக, நிறம் மாறி இருக்கும். களையும்போது சில மிதக்கும். எங்கள் தெருவில் ஆயா ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தைச் சாய்த்துச் சாய்த்து அவற்றைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். பேரன் கேட்டான்: “என்னாத்த ஆயா பொறுக்கற?”

“பிளாஸ்டிக்கு அரிசிடா. கவருமெண்டுல கலந்து வுட்டுட்டானுவ.”

நூறில் ஒன்றாக அரசு தூவிய இரும்புச்சத்து, நூறில் ஒன்றாகப் பொறுக்கப்பட்டுத் தெருக்கோழிக்குப் போயிற்று. எங்கள் தெருக் கோழிகளுக்குச் சோகை இல்லை.

இனி நீர். சிக்கன உணவியலின் முதல், இடை, கடை மூன்றும் இதுவே.

இத்துறையில் ஐரோப்பியர் ஒருவரும் உழைத்திருக்கிறார். ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சன், வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்த இயற்பியலாளர். 1790-களில் மியூனிக்கில் ஏழைகளுக்கு மலிவாகச் சோறு போடும் பொறுப்பேற்று, பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, வினிகர், காய்ந்த ரொட்டி சேர்த்து ஒரு சூப்பு காய்ச்சினார். அதில் திடப்பொருள் குறைவு, தண்ணீர் அதிகம். குடித்தவர்கள் பசியாறியதைக் கண்டு, ஒழுங்காகச் சமைத்தால் தண்ணீரே உணவாகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிற்கால விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு ரசம் அறிமுகமாகவில்லை என்பது என் துணிபு. அறிமுகமாகியிருந்தால் பட்டாணியையும் மிச்சப்படுத்தியிருப்பார்.

விருத்தாசலத்தில் இக்கொள்கைக்கு ஒரு சோதனைச்சாலையே இருக்கிறது. பொம்மை வார்க்கும் பட்டறையில் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் கரைத்த கூழை ஸ்லிப் என்பார்கள். அதைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் படிந்த மண் பொம்மையாகும். தண்ணீர் அதிகமானால் காய நாளாகும், சுருங்கும், வெடிக்கும். குறைத்தாலோ கூழ் ஓடாது. ஆகவே சோடியம் சிலிகேட் கொஞ்சம் போடுவார்கள். குறைந்த தண்ணீரிலேயே கூழ் தாராளமாக ஓடும். பட்டறையின் கலை இது: தண்ணீர் குறைவு, பார்வைக்கு நீர்த்தது.

அடுக்களையின் கலை இதைத் தலைகீழாக்கியது. தண்ணீர் அதிகம், பார்வைக்குக் கெட்டி. ஒரே தெருவில் பகலில் புருஷன் ஒன்றையும் ராத்திரியில் பெண்டாட்டி மற்றதையும் செய்கிறார்கள். முன்னதற்கு டிப்ளமோ உண்டு. பட்டறையில் பொருள் சூளைக்குப் போய்ப் பத்து, பதினைந்து சதவீதம் சுருங்கி வரும். வீட்டில் அடுப்புக்குப் போகும் எதுவும் பெருகி வந்தாக வேண்டும்.

பெருக்கும் வழிகளில் சிலவற்றைச் சொல்கிறேன். குழம்பு நீர்த்துவிட்டால் ஒரு கரண்டி அரிசிமாவைக் கரைத்து ஊற்றுவது. சாம்பாரில் ஓர் உருளைக்கிழங்கை அடையாளம் தெரியாமல் மசித்துவிடுவது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளி கரைப்பது. தேங்காய்ச் சட்னியில் தேங்காயைப் பேருக்கு வைத்துக்கொண்டு பொட்டுக்கடலையைப் பொறுப்பில் அமர்த்துவது. இவற்றின் உச்சம் பாம்பே சட்னி. வெங்காயம் இரண்டு, பச்சைமிளகாய் மூன்று, கடுகு, கறிவேப்பிலை தாளித்து வதக்கி, இரண்டு கரண்டி கடலைமாவை மூன்று டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றினால், பத்து நிமிடத்தில் ஒரு பாத்திரம் நிறையும். பதினாறு இட்லிக்குத் தாராளம். ஆறினால் இறுகி இன்னும் அதிகம்போலத் தெரியும் என்பதால் ஆறவைத்துப் பரிமாறுவது உத்தமம்.

உண்பவர் கண்டுபிடித்துவிடுவதும் உண்டு. அப்போது நிகழும் உரையாடல் மாவட்டம் முழுவதும் ஒரே சொல்லில் வழங்குவதால் மந்திரமாகக் கொள்ளத்தக்கது.

“கொழம்பு என்னா இன்னிக்கி வெள்ளமா ஓடுது?”

“ஆறுனா கெட்டியாயிடும். சாப்புடுங்க.”

ஆறும்வரை யாரும் உட்கார்ந்திருப்பதில்லையாதலால் இக்கூற்று இதுவரை பொய்ப்பிக்கப்படவில்லை.

அடுத்தது முட்டை. நாலு பேருக்கு இரண்டு முட்டை என்பது மாதக்கடைசி வழக்கு. ஆகவே பாதி முட்டை என்பதே அலகு. கத்தியால் வெட்டினால் மஞ்சள் கத்தியில் ஒட்டிக்கொண்டு வீணாகும். தையல் நூல்தான் கருவி. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறுநுனியை வலக்கையில் இழுத்துப் பிடித்து, இடக்கையிலுள்ள முட்டையை நூலின்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால், சத்தமில்லாமல் இரண்டாகும். இரண்டும் சமமா என்பதே வழக்கு. முட்டை ஒரே பக்கமாகக் கிடந்து வெந்தால் மஞ்சள் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒருவருக்கு முழு மஞ்சளும் மற்றவருக்கு வெறும் கிண்ணமும் கிடைக்கும். குடும்பங்கள் இதனால் பேச்சை நிறுத்தியதுண்டு. தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முதல் சில நிமிடம் கரண்டியால் முட்டையை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால் மஞ்சள் நடுவில் நிற்கும். சொத்துப் பிரிவினை வழக்குகளில் இந்த அளவுக்கு முன்யோசனை காட்டப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரைக் கிலோ கோழிக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு. துண்டைச் சோற்றுக்கு அடியில் புதைத்துவைத்துக் கடைசியில் தின்கிற பையன்கள் பிற்காலத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்குகிறார்களா என்று யாராவது ஆராயலாம். கடலூர்ப் பக்கமிருந்து வருகிற கருவாடு இருக்கும்போது கறிக்காக ஏங்குவதும் அவசியமில்லை. கைப்பிடி நெத்திலி, நாலு கத்திரிக்காய், முந்தாநாள் ஊறவைத்த மொச்சை என்று ஒரு குழம்பு வைத்தால் வாசனையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் பாதிச் சோறு சாப்பிட்டுவிடுவார்.

தத்துவப் பகுதிக்கு வருகிறேன். சைவத் தலமாகையால் பிறவிக் கொள்கையைத் தவிர்க்க முடியாது. மனிதருக்கு மறுபிறவி உண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; சோற்றுக்கு உண்டு என்பதில் இல்லை.

பகலில் வடித்த சோறு அதன் முதற்பிறவி. அப்போதே அதிலிருந்து வடிகஞ்சி பிரிந்து, உப்புப் போட்ட ஒரு டம்ளர் பானமாகத் தனியே உய்வடைந்துவிடுகிறது; குக்கர் வைத்த வீடுகள் இப்பேற்றை இழந்தன. ராத்திரி அதே சோறு, அதே குழம்பு, சுடவைத்தபடி. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மூடினால் விடியலில் பழைய சோறு. பிழிந்தெடுத்தால் நீராகாரம் தனி. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இதைச் சாப்பிட்டவர்களைப் பட்டிக்காடு என்று சொல்லிவந்த உலகம், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி குடல்நோய்க்குப் பழைய சோற்றை ஆராய எடுத்துக்கொண்டதும் சற்று மௌனமாயிற்று. பெரிய ஓட்டல்களில் இப்போது மண்சட்டியில் போட்டு, மோர்மிளகாய் இரண்டை ஓரத்தில் சாய்த்து, பில்லோடு கொடுக்கிறார்கள். அங்கே அது பழசு என்பதற்குத் தனியாகக் காசு.

பழைய சோறும் மிஞ்சினால் கோடையில் வடகம். உப்பு, சீரகம், பச்சைமிளகாய் சேர்த்து அரைத்து, மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கிள்ளி வைத்தால், விருத்தாசலத்து வெயில் சூளைக்குச் சமமாகையால் இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். டப்பாவில் அடைத்து, மழைக்காலத்து மாதக்கடைசியில் ரேஷன் பாமாயிலில் பொரித்து, எதற்குத் தொட்டுக்கொள்கிறோம்? சோற்றுக்கு. சோற்றுக்குச் சோறே தொட்டுக்கையாகும் இந்த நிலையை அத்வைதம் என்று சைவ ஊரில் சொல்வது வம்பு; ஆகவே பெயரிடாமல் விடுகிறேன்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். பட்டறையில் அது சரிதான்; சூளைக்குப் போய்வந்த மண்ணைப் பொடித்துக் கலக்கலாமே தவிர மறுபடி பிசைய வராது. அடுக்களை இதையும் மீறிற்று. நேற்றைய இட்லி உதிர்ந்து இன்றைய உப்புமா ஆகிறது. புளித்த மாவு வெங்காயத்தோடு கூடி ஊத்தப்பமாகி, அதற்கும் மேலே புளித்தால் குழிப்பணியாரமாகிறது. உப்புமாவுக்கு மட்டும் மறுபிறவி இல்லை. அது வினை முடிந்த நிலை. இவ்வூருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறைகளைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டும் வழக்கம் உண்டு. உப்புமாவுக்கு எதிராக அங்கே யாரும் பிராது கட்டியதாகக் கேள்விப்படவில்லை. நேரடியாக வீட்டிலேயே தீர்த்துக்கொள்கிறார்கள்போலும்.

நவீன அறிஞர்களின் கருத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. பட்ஜெட் சமையல் என்று யூடியூபில் உரை நிகழ்த்துகிறவர்கள், “நம்ம வீட்ல இருக்கற பொருளை வெச்சே” என்று தொடங்கி, நாலாவது நிமிடத்தில் கால் கப் முந்திரியை ஊறவைக்கிறார்கள். விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முந்திரி ரகங்களுக்கும் நிலக்கடலை ரகங்களுக்கும் ஊரின் முதலெழுத்துகளையே வைத்து வி.ஆர்.ஐ. 1, வி.ஆர்.ஐ. 2 என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஊரைச் சுற்றி முந்திரிக்காடு. இருந்தும் மாதக்கடைசியில் வி.ஆர்.ஐ. என்றால் மல்லாட்டை என்கிற நிலக்கடலைதான். வறுத்து, தோல் நீக்கி, காய்ந்த மிளகாயும் கொஞ்சம் புளியும் வைத்து அரைத்தால் சட்னி; அதையே இன்னும் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் குழம்பு. நூறு கிராம் மல்லாட்டையில் இருபத்தைந்து கிராம் புரதம். மேற்சொன்ன 77 கிராம் பிரச்சினையில் புளியோடு கூட்டுச் சேர்ந்திருப்பது இதுதான். பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் சுளையை விற்றவர் கொட்டையைச் சும்மாவே கொடுப்பார். முருங்கைக்கீரையோடு வேகவைத்தால் இன்னொரு கூட்டாளி.

இந்த முருங்கைக்கீரையில்தான் என் ஆராய்ச்சி ஒருமுறை திணறியது. மலிவு, எளிது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. முருங்கைக்கீரை மலிவு; கொல்லையில் மரம், காசு இல்லை. உருவுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024–25-இல் நாளொன்றுக்கு 319 ரூபாய் கூலி நிர்ணயித்தார்கள். எட்டு மணி நேரமென்று வைத்தால் மணிக்கு 40 ரூபாய்; முக்கால் மணிக்கு 30. ஆக, இலவசக் கீரை உருவி முடிக்கும்போதே ஒரு கிலோ ரேஷன் பருப்பின் விலைக்கு வந்துவிட்டது. வடகம் கிள்ளும் நேரம், மாவு ஆட்டும் நேரம், மல்லாட்டை உரிக்கும் நேரம், மிதக்கும் அரிசி பொறுக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினேன். மாதிரிக் குடும்பத்தின் மாதச் சாப்பாட்டுச் செலவு பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நாலு பேரும் சாப்பிடுகிற செலவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இது நம் இயலையே கவிழ்த்துவிடும் என்பதால் அந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சான்றோர் முன்பே தீர்மானித்திருக்கிறார்கள். நானும் அடித்துவிட்டேன். கூட்டுத்தொகை இப்போது அழகாக இருக்கிறது.

அரசும் இக்கணக்கில் ஒரு பங்கைத் தாங்குகிறது. 1956-இல் காமராசர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த மதிய உணவு, 2022-இல் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவிய காலை உணவு ஆகிய இரண்டாலும், மாதிரிக் குடும்பத்துப் பையனின் இரண்டு வேளை பள்ளிக்கூடத்தில் முடிந்துவிடுகிறது. வாரத்தில் ஐந்து நாள் முழு முட்டை, நூலால் அறுக்காதது. அவன் வீட்டில் பாதி முட்டையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டதாக ஆயா வருத்தப்படுகிறார். மே மாதம் பள்ளிக்கூடத்தை மூடினால் அந்த இரண்டு வேளையும் வீட்டுக்குத் திரும்பிவிடும். அக்னி நட்சத்திரம் வெயிலைப் பொறுத்தது மட்டும் என்று நினைப்பவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளை இல்லை. ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயில் கூழ் வந்து கொஞ்சம் ஈடுசெய்யும். தூக்குச்சட்டியோடு போனால் வீட்டிலிருப்பவர்களுக்கும் ஊற்றித் தருவார்கள்.

விருந்தாளி வருவது தனி அதிகாரம். சொல்லிவிட்டு வருபவர், சொல்லாமல் வருபவர், சொல்லிவிட்டு வராதவர் என மூவகை. மூன்றாமவர் சமைத்ததைப் பிறவி மாற்றும் வேலையைத் தருவார். இரண்டாமவருக்கு ரசத்தில் ஒரு செம்பு. இவ்வூர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்டிருந்த சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தன் என்ற புனைபெயரில், கடவுளைக் கந்தசாமிப் பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லாமல் வந்த விருந்தாளியாக அனுப்பிவைத்தார். காப்பிக்கு யார் காசு கொடுத்தது என்பதைக்கூடக் கவனித்தவர், அன்றைக்கு அந்த வீட்டு அம்மாள் ரசத்தில் எத்தனை செம்பு சேர்த்தார் என்பதைப் பதிவு செய்யவில்லை. தமிழ் உணவியலுக்கு இது பேரிழப்பு.

கடைசியாக, சமைத்தவரின் பங்கு. ஆயாவுக்கு இவ்வளவு, கணவனுக்கு இவ்வளவு, பையனுக்கு இவ்வளவு என்று எல்லாத் தட்டுக்கும் விதி இருக்கிறது. நான்காவது தட்டைப் பற்றிக் கேட்டால் பதில் ஒரே மாதிரி: “எனக்குச் சட்டி இருக்குது.” கருவாட்டுக் குழம்பு வைத்த மண்சட்டியில், ஓரத்தில் ஒட்டிச் சுண்டிய மசாலாவோடு, ஒரு பிடி சோற்றைப் போட்டு விரலால் வழித்துப் பிரட்டித் தின்பது. பாதி முட்டையும் இல்லை, துண்டும் இல்லை. காரம், புளிப்பு, எண்ணெய் எல்லாம் அடியில் வந்து தேங்கிய இடம் அது. சுவையில் வீட்டிலேயே முதல் தட்டு என்று தின்றவர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். ஆகவே சமைத்தவருக்கு அநீதி இல்லை என்று முடித்துவிடலாம் என்றிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதிரிக் குடும்பத்தில் கள ஆய்வுக்குப் போனபோது சட்டி நடுவீட்டில் இருந்தது. ஒரு பக்கம் பையனின் கை உள்ளே, மறுபக்கம் அவன் அப்பாவின் கை. “நீதான் போன வாரம் வழிச்ச” என்று பையன். “டேய், கொழம்புக்குக் கருவாடு வாங்கியாந்ததே நான்தான்டா” என்று அப்பா. ஆயா, தனக்கும் ஒரு உருண்டை என்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தார். சமைத்தவர் அடுக்களையில் உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தார்.